சோதித்துப் பார்த்துப் புறப்பட்டவர்

மலர்க் குழு நண்பர்கள் கட்டுரை கேட்டபோது, உங்கள் தொழிலில் உங்களுக்கு வழிகாட்டியாக இருந்த ஒருவரைப் பற்றி எழுதலாமே என்றார்கள். நம் பேராசிரியர்களைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதக்கூடிய சீனியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப் போகிறவர் பொறியாளரே இல்லை. பட்டம் எதுவும் வாங்காதவர். மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டவர். தென் துருவத்தை முதன்முதலில் அடைந்த நார்வேக்காரர், ரோல்ட் அமுண்ட்சன்.

பொது அறிவுப் புத்தகத்தில் ஒரு மார்க் கேள்வியாக நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த பெயர்தான். வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள் கழித்துத்தான் அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த மனிதரைப் பற்றிப் படித்தேன். புதிதாக நிறுவிய இயந்திரங்களை முதன்முதலில் ஓட்டிப் பார்த்து, சரியாக இருந்தால் கையெழுத்துப் போட்டு ஒப்படைப்பது என் வேலை. சைட்டில் எங்களை யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. திறப்பு விழா அழைப்பிதழ் அடித்தாயிற்று, இவங்க இன்னும் டெஸ்ட் பண்ணிட்டே இருக்காங்களே என்று முணுமுணுப்பார்கள். அப்படிப்பட்ட எனக்கு அமுண்ட்சன் ரொம்பவும் சொந்தக்காரர் போலத் தோன்றினார். நம்பிப் போகப் போகிற பொருளை, போவதற்கு முன்னால் படாதபாடு படுத்திப் பார்ப்பது அவருடைய வழக்கம். அதில் அவர் ஜெயித்த கதையும் உண்டு, தோற்ற கதையும் உண்டு. இரண்டையும் சொன்னால்தான் அவருக்கு நியாயம் செய்ததாகும்.

தன்னையே சோதித்த பையன்

அமுண்ட்சன் 1872 ஜூலை 16 அன்று தென்கிழக்கு நார்வேயில் போர்கே என்ற இடத்தில் பிறந்தார். அப்பா கப்பல் உரிமையாளர், கேப்டன். ரோல்டுக்கு 14 வயதானபோது அவர் இறந்துவிட்டார். இந்தப் பிள்ளையாவது கடலுக்குப் போகாமல் டாக்டராகட்டும் என்பது அம்மாவின் ஆசை. நம் வீடுகளில் இல்லாத ஆசையா? அம்மாவின் மனம் கோணக் கூடாது என்று மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தாரே தவிர, படிப்பில் மனம் ஒட்டவில்லை. சிறு வயதில் படித்த ஜான் ஃபிராங்க்ளினின் ஆர்க்டிக் பயணக் கதைகள் அவரை விடவில்லை. நார்வேயின் குளிர்காலத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கி உடம்பைப் பழக்கினார். 1893-இல் அம்மா காலமானதும் படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டுக் கடலுக்குப் போனார்.

1896 ஜனவரியில் அண்ணன் லியோனுடன் ஹார்டாங்கர்விட்டா என்ற மலைப் பீடபூமியை ஸ்கீயில் கடக்கப் புறப்பட்டார். சில நாட்களில் முடிய வேண்டிய பயணம். புயல் பிடித்துக்கொண்டது. வழி தப்பியது, சாப்பாடு போயிற்று. ஒரு ராத்திரி பனியில் குழி தோண்டிப் படுத்தவரைச் சுற்றிலும் பனி இறுகிப்போய், கை கால் அசைக்க முடியவில்லை. காலையில் அண்ணன் தோண்டித்தான் வெளியே எடுத்தார். நாட்டின் நடுவே, ஊர்களுக்குப் பக்கத்திலேயே இந்தக் கதி. உடம்பு உறுதியாக இருந்தால் மட்டும் போதாது, கூடவே எடுத்துப் போகிற பை, உடை, உணவு எல்லாம் அந்த இடத்துக்குத் தாங்க வேண்டும் என்பது அவருக்கு அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும்.

அடுத்த பாடம் பெல்ஜிகா கப்பலில். அட்ரியன் த ஜெர்லாஷ் தலைமையில் 1897-இல் அண்டார்க்டிகாவுக்குப் போன பெல்ஜியக் குழு அது. அமுண்ட்சன் அதில் மேட். 1898 மார்ச்சில் பனியில் சிக்கிய கப்பல் ஒரு வருடம் கழித்துத்தான் விடுபட்டது. அண்டார்க்டிக் பனிக்கடலில் மனிதர்கள் கழித்த முதல் குளிர்காலம் அது. கப்பலில் எல்லோருக்கும் போதுமான குளிர்கால உடைகூட இல்லை. போர்வையைக் கத்தரித்துத் தைத்துப் போட்டுக்கொண்டார்கள். டின் உணவு மட்டும் தின்று ஸ்கர்வி நோய் வந்தது. கப்பல் டாக்டர் ஃபிரெடரிக் குக் சீல், பென்குவின் இறைச்சியைப் புதிதாகச் சாப்பிட வைத்துத்தான் அவர்களைப் பிழைக்க வைத்தார். அமுண்ட்சனும் குக்கும் அந்த இருட்டு மாதங்களில் கூடாரம், ஸ்லெட்ஜ் வண்டி, உடை என்று ஒவ்வொன்றையும் பனிமேல் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்துப் பேசிப் பேசித் திருத்தினார்கள். கெட்டதிலும் ஒரு நல்லது.

யோவா என்ற சின்னக் கப்பல்

அட்லாண்டிக்கிலிருந்து கனடாவின் வடக்கு முனை வழியாகப் பசிபிக் போகும் கடல் பாதையை நூற்றாண்டுக் கணக்கில் தேடி வந்தார்கள். ஃபிராங்க்ளின் 1845-இல் இரண்டு பெரிய கப்பல்களோடு போனார். அவரும் உடன் சென்ற 128 பேரும் திரும்பவில்லை. அமுண்ட்சன் 1901-இல் வாங்கியது யோவா என்ற பழைய மீன்பிடிக் கப்பல். 47 டன். கட்டியது 1872-இல், அவர் பிறந்த அதே வருடம்.

வாங்கியவுடன் அவர் கனடாவுக்குப் புறப்படவில்லை. அந்த 1901 கோடைக்காலம் முழுவதும் வடக்குக் கடல்களில் அதை ஓட்டிப் பார்த்தார். சும்மா சுற்றவில்லை. சீல் வேட்டையும் கடல் ஆராய்ச்சி அளவீடுகளும் செய்துகொண்டே, பனிக்கட்டியின் நடுவே கப்பல் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தார். எங்கே பலவீனம் என்று தெரிந்த பிறகு, ஊர் திரும்பி அடிப்பாகத்தைப் பலப்படுத்தினார். 13 குதிரைசக்தி எஞ்சின் ஒன்று பொருத்தினார். 1903 ஜூனில் ஆறு பேரோடு கிளம்பினார்.

கிங் வில்லியம் தீவில் இரண்டு குளிர்காலம் தங்கினார்கள். அங்கே நெட்சிலிக் இன மக்கள் அக்கம்பக்கத்தில் குடியேறினார்கள். அமுண்ட்சனின் உண்மையான பட்டப்படிப்பு இதுதான் என்பேன். கம்பளி உடையைவிடத் தொளதொளப்பான கலைமான் தோல் உடை ஏன் மேல்? உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, நடுவில் காற்று. வியர்வை தங்காது. ஸ்லெட்ஜின் அடிக்கட்டைக்குப் பனிப்பூச்சு எப்படிப் பூசுவது, நாய்களை எப்படி ஓட்டுவது, பனிவீடு எப்படிக் கட்டுவது, எல்லாவற்றையும் அவர்களிடம் உட்கார்ந்து கற்றார். பல தலைமுறைகள் அந்த இடத்திலேயே உயிரைப் பணயம் வைத்துச் சோதித்து வைத்திருந்த சாமான்கள் அவை. அதைவிடப் பெரிய டெஸ்ட் சர்டிபிகேட் எது? ஃபிராங்க்ளினின் ஆட்கள் பட்டினியில் மடிந்த அதே பகுதியில் யோவாவின் ஆட்கள் கொழுகொழு என்று இருந்தார்கள். 1905 ஆகஸ்டில் மேற்கேயிருந்து வந்த திமிங்கிலக் கப்பல் ஒன்றைச் சந்தித்தார்கள். பாதை திறந்துவிட்டது. 1906-இல் அலாஸ்காவின் நோம் துறைமுகத்தில் போய் இறங்கினார்கள்.

தோட்டத்தில் ஒரு வீடு

அடுத்து வட துருவம்தான் அவர் குறி. நான்செனின் புகழ்பெற்ற ஃபிராம் கப்பலைக் கேட்டு வாங்கியிருந்தார். 1909 செப்டம்பரில், பழைய நண்பர் குக்கும் அமெரிக்கர் பியரியும் தாங்கள் வட துருவத்தைத் தொட்டுவிட்டதாக அடுத்தடுத்து அறிவித்தார்கள். அமுண்ட்சன் யாருக்கும் சொல்லாமல் திசையை மாற்றினார். வடக்கே என்று சொல்லிப் பணம் திரட்டிவிட்டுத் தெற்கே போக முடிவு செய்தார். இது நேர்மையா என்று அன்றைக்கும் கேட்டார்கள், இன்றைக்கும் கேட்கலாம். ராபர்ட் ஃபால்கன் ஸ்காட்டுக்கு 1910 அக்டோபரில் மெல்போர்னில் தந்தி கிடைத்தபோதுதான் போட்டி என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரிந்தது.

இந்த ரகசியத்தின் நடுவே ஒரு வேடிக்கை. கடலோரத்தில் இருந்த தன் வீட்டுத் தோட்டத்தில் அமுண்ட்சன் ஒரு மர வீட்டைக் கட்டச் சொன்னார். தச்சர் யோர்கன் ஸ்டூபெரூட் முழு வீட்டையும் கட்டி நிறுத்தினார். பிறகு ஒவ்வொரு பலகையிலும் அடையாளம் போட்டுப் பிரித்துக் கப்பலில் ஏற்றினார்கள். கடல் பனியோடு மிதந்து போகப் போகிறவர்களுக்கு வீடு எதற்கு என்று பார்த்தவர்கள் குழம்பினார்கள். 1911 ஜனவரியில் திமிங்கில வளைகுடா என்ற இடத்தில் அண்டார்க்டிகப் பனித்தட்டின் மேல் அதே வீடு சில வாரங்களில் எழுந்து நின்றது. பெயர் ஃபிராம்ஹைம். இன்று நாங்கள் தொழிற்சாலையிலேயே முழு பேனலையும் பூட்டிப் பார்த்துவிட்டுப் பிரித்து லாரியில் ஏற்றுகிறோமே, அதே வேலைதான். சைட்டுக்குப் போய் ஒரு போல்ட் இல்லை என்றால் நமக்கு ஒரு நாள் நஷ்டம். அவருக்கு அந்த போல்ட் கிடைக்கிற கடை பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி.

நான்கு மாத இரவு

குளிர்காலம் வருவதற்குள் 80, 81, 82 டிகிரி அட்சரேகைகளில் உணவுக் கிடங்குகளை அமைத்தார்கள். திரும்பி வரும்போது மூடுபனியில் கிடங்கு கண்ணில் படாமல் போனால்? பாதைக்குக் குறுக்கே இருபுறமும் பல கிலோமீட்டருக்கு எண் போட்ட கொடிகளை நட்டார்கள். எந்தக் கொடி கண்ணில் பட்டாலும், கிடங்கு எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் என்று அந்த எண்ணே சொல்லிவிடும்.

இந்த முதல் பயணங்களில் கண்ட குறைகளை எல்லாம் குறித்துக்கொண்டார்கள். ஏப்ரல் கடைசியில் சூரியன் மறைந்தால் ஆகஸ்டு கடைசியில்தான் எட்டிப் பார்க்கும். அந்த நான்கு மாதமும் பனிக்கு அடியில் குடைந்த அறைகளில் பட்டறை ஓடியது. ஸ்கீ வீரரும் தச்சருமான ஓலாவ் பியோலாண்ட் ஸ்லெட்ஜ் வண்டிகளை இழைத்து இழைத்து, எடையை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தார். ஸ்டூபெரூட் உணவுப் பெட்டிகளை இழைத்தார். பெட்டிக்கு மேலே சின்ன வட்ட மூடி. தினமும் சாயங்காலம் கட்டை அவிழ்க்காமல், வண்டியில் இருந்தபடியே சாப்பாட்டை எடுத்துக்கொள்ளலாம். உறைந்த கையால் கயிறு அவிழ்த்துப் பார்த்தவனுக்குத்தான் அந்த மூடியின் அருமை தெரியும். ஆஸ்கர் விஸ்டிங் தையல் மெஷினில் கூடாரங்களைத் திருத்தினார். பனிக்கண்ணாடிக்கு ஒவ்வொருவரும் ஆளுக்கொரு டிசைன் செய்து பார்த்தார்கள்.

பூட்ஸ்தான் எல்லோரையும் படுத்தியது. ஸ்கீயில் பூட்ட அடிப்பாகம் கெட்டியாக இருக்க வேண்டும். ஆனால் கெட்டியான பூட்ஸ் காலை உறைய வைக்கும். பிரித்தார்கள், அகலப்படுத்தினார்கள், தைத்தார்கள், போட்டு நடந்தார்கள், மறுபடி பிரித்தார்கள்.

மண்ணெண்ணெயும் அப்படித்தான். கடுங்குளிரில் டின்களின் மூடி வழியாக எண்ணெய் கசிந்தும் ஆவியாகியும் குறைவதை அமுண்ட்சன் தன் வடக்குப் பயணத்திலேயே பார்த்திருந்தார். டின்களை ஈயம் வைத்துப் பற்றவைத்து அடைத்தார்கள். ஸ்காட்டின் டின்களுக்கு லெதர் வாஷர் போட்ட திருகு மூடி. திரும்பும் வழியில் கிடங்கு கிடங்காக எண்ணெய் குறைந்திருந்ததைக் கண்டது அவர் குழு. எண்ணெய் இல்லாவிட்டால் சமையல் மட்டுமா போகும்? பனியை உருக்கிக் குடிக்கத் தண்ணீரும் கிடையாது.

ஸ்காட்டின் மோட்டார் வண்டிகள்

ஸ்காட் சோதனையே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். பனியில் ஓடும் மோட்டார் ஸ்லெட்ஜ்களுக்கு அவர் நிறையச் செலவு செய்தார். சங்கிலிப் பட்டையில் ஓடும், காலத்தை மிஞ்சிய யோசனை. 1910 மார்ச்சில் நார்வேயில் ஃபெஃபோர் என்ற இடத்தில் நான்சென் முன்னிலையில் ஓட்டிப் பார்த்தார்கள். அச்சு முறிந்தது. சரி செய்து மறுபடி ஓட்டினார்கள். ஓடியது. எல்லோருக்கும் திருப்தி.

மூன்று வண்டிகள் போயின. ஒன்று 1911 ஜனவரியில் கப்பலிலிருந்து இறக்கும்போதே பனி உடைந்து கடலுக்குள் போய்விட்டது. மற்ற இரண்டும் அக்டோபரில் புறப்பட்டு, எஞ்சின் சூடேறி நின்று, பாகங்கள் உடைந்து, சுமார் 80 கிலோமீட்டர் தாண்டுவதற்குள் படுத்துவிட்டன. அந்த வண்டிகளை உருவாக்குவதில் பாடுபட்ட எஞ்சினியர் ரெஜினால்ட் ஸ்கெல்டன் குழுவிலேயே இல்லை. பதவி மூப்புப் பிரச்சினையில் அவரை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

ஃபெஃபோரில் நடந்தது வண்டியால் ஓட முடியும் என்று காட்டும் வெள்ளோட்டம். முழுச் சுமையோடு, நாள் கணக்கில், அண்டார்க்டிகக் குளிரில் ஓடுமா என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை. இந்த வித்தியாசத்தை நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். கடலோரத்தில் ஒரு மீன் குளிர்பதனக் கிடங்கு. அங்கே இருந்த டீசல் ஜெனரேட்டரை வாரா வாரம் பத்து நிமிடம் ஓட்டி, லாக் புத்தகத்தில் சரி என்று எழுதி வந்தார்கள். லோடு கொடுக்காமல், வெறுமனே. புயலில் கரண்ட் போன ராத்திரி, முழு லோடு ஏறியதும் ஒரு மணி நேரத்துக்குள் சூடு தாங்காமல் நின்றுவிட்டது. காரணம் கண்டுபிடிக்க என்னை அனுப்பினார்கள். ரேடியேட்டர் இடுக்கெல்லாம் தூசியும் எண்ணெயும் இறுகிக் கிடந்தன. பத்து நிமிட வெற்று ஓட்டத்தில் அது ஒருநாளும் தெரியாது. லாக் புத்தகத்தில் மாதக்கணக்கில் சரி, சரி, சரி. வெளியே மீன்காரர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவும் அவர்கள் சரக்கு.

நம் மொழியில் சோதனை என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். பரீட்சித்துப் பார்ப்பதும் சோதனை, கஷ்டகாலமும் சோதனை. முதல் சோதனையை நாமே முழுசாக வைத்துக்கொண்டால்தான் இரண்டாவது சோதனையில் தப்பிக்க வழி உண்டு. திறப்பு விழாவுக்கு ஓட்டிக் காட்டுவது இரண்டிலும் சேராது.

செப்டம்பர் 8

அமுண்ட்சனும் மனிதர்தானே. ஸ்காட்டின் மோட்டார் வண்டிகள் முந்திவிடுமோ என்ற பயம் அவரை அரித்தது. பருவம் வருவதற்கு முன்பே, 1911 செப்டம்பர் 8 அன்று ஏழு பேரோடு கிளம்பிவிட்டார். சில நாளில் குளிர் மைனஸ் 56 டிகிரிக்கு இறங்கியது. திசைகாட்டிக்குள் இருந்த திரவம் உறைந்தது. நாய்களால் பாதம் ஊன்ற முடியவில்லை. மனிதர்களுக்குக் குதிகால் உறைந்தது. 80 டிகிரி கிடங்கு வரை போய்ச் சாமான்களை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினார்கள்.

ஒரு வகையில் பார்த்தால் இதுவே அவர்களின் மிகக் கடுமையான சோதனை ஓட்டம். திரும்பி வர முடிகிற தூரத்திலேயே எல்லாக் குறையும் வெளிவந்துவிட்டது. பூட்ஸ்களை மறுபடியும் பிரித்துத் தைத்தார்கள். ஆனால் திரும்பிய விதம் நல்லதாக இல்லை. கடைசி நாள் 75 கிலோமீட்டர் சொச்சம். அமுண்ட்சன் நாய்கள் நன்றாக ஓடிய வண்டியில் முன்னால் போய்விட்டார். ஆளுக்கொரு பக்கம் சிதறினார்கள். கால் உறைந்து பின்தங்கிய பிரெஸ்ட்ரூட்டிடம் உணவும் இல்லை, அடுப்பும் இல்லை. அவருக்காகக் காத்திருந்து நடுராத்திரி தாண்டிக் கூட்டி வந்து சேர்த்தவர் யால்மர் யோகான்சென். 1895-இல் நான்செனோடு வட துருவத்தை நோக்கிப் போன பழுத்த அனுபவசாலி.

மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது, எல்லோர் முன்னிலையிலும் யோகான்சென் தலைவரைக் கண்டித்தார். ஆட்களை விட்டுவிட்டு வருவது தலைவனுக்கு அழகில்லை என்பது அவர் கட்சி. சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அமுண்ட்சனுக்கு அது பொறுக்கவில்லை. யோகான்செனைத் துருவக் குழுவிலிருந்து நீக்கி, பிரெஸ்ட்ரூட்டின் கீழ் வேறொரு சிறு பயணத்துக்கு அனுப்பினார். யோகான்சென் மனம் உடைந்தார். ஏற்கெனவே குடிப் பழக்கம் அவரை வாட்டி வந்தது. 1913 ஜனவரியில் ஊரில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தேன். பூட்ஸ் கடித்தால் பிரித்துத் தைக்கிற மனிதர், மனிதன் குறை சொன்னால் அவனையே கழற்றிப் போட்டுவிட்டார். அந்தக் குளிர்பதனக் கிடங்கிலும் ஒரு ஆபரேட்டர் இருந்தார். லோடு கொடுத்து ஓட்டிப் பாருங்க சார் என்று அவர் முன்பே கேட்டிருக்கிறார். உன் வேலையைப் பார் என்று பதில் வந்திருக்கிறது. சோதனைக் கருவி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், காட்டுகிற ரீடிங் பிடிக்கவில்லை என்று மீட்டரையே கழற்றினால் என்ன பிரயோசனம்?

துருவம்

அக்டோபர் 19 அன்று ஐந்து பேர், நான்கு ஸ்லெட்ஜ், 52 நாய்களோடு மறுபடி கிளம்பினார்கள். அமுண்ட்சன், பியோலாண்ட், விஸ்டிங், ஹெல்மர் ஹான்சென், ஸ்வெர்ரே ஹாசெல். அதுவரை யாரும் பார்த்திராத அக்செல் ஹைபெர்க் பனியாற்றின் வழியே மலையேறினார்கள். மேலே ஏறியதும் 24 நாய்களைச் சுட்டார்கள். ஏற்கெனவே போட்டிருந்த கணக்கின்படி அவை உணவு. படிக்கவே கசப்பான பகுதி இது. அவர்களும் கலங்கித்தான் செய்தார்கள்.

1911 டிசம்பர் 14 அன்று துருவத்தை அடைந்தார்கள். அங்கேயும் அவர் குணம் போகவில்லை. வந்துவிட்டோம் என்று கொடி நட்டுத் திரும்பவில்லை. அளவீட்டில் பிழை இருக்கலாம் என்று மூன்று பேரை மூன்று திசையில் சுமார் 20 கிலோமீட்டர் ஸ்கீயில் அனுப்பி, துருவப் புள்ளியைச் சுற்றி வளைத்தார். மறுபடி மறுபடி சூரியனை அளந்து, இன்னும் சில கிலோமீட்டர் நகர்ந்து, அங்கே கூடாரம் அடித்தார். பின்னால் வருகிறவர்கள் குறை காண முடியாதபடி நோட்டுப் புத்தகங்களில் ஒருவர் கணக்கில் இன்னொருவர் கையெழுத்துப் போட்டார்கள். 1912 ஜனவரி 25 அன்று 11 நாய்களோடு ஃபிராம்ஹைம் திரும்பினார்கள். 99 நாள், ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர், ஐந்து பேரும் நலம், கிடங்குகளில் உணவு மிச்சம்.

ஸ்காட் 1912 ஜனவரி 17 அன்று துருவத்தை அடைந்தார். அவரும் உடன் வந்த நால்வரும் திரும்பும் வழியில் இறந்தார்கள். கடைசிக் கூடாரத்திலிருந்து அடுத்த பெரிய கிடங்கு 18 கிலோமீட்டர்தான். அவர்கள் கடைசி வரை இழுத்து வந்த பாறை மாதிரிகள் அறிவியலுக்குப் பெரிய சொத்து. அவர்களின் துணிச்சலில் குறை சொல்ல யாருக்கும் தகுதி இல்லை. வாஷரையும் அச்சையும் பற்றிப் பேசலாம்.

கடைசிப் பயணம்

அமுண்ட்சன் அதன் பிறகு விமானத்தின் பக்கம் திரும்பினார். 1925 மே மாதம் லிங்கன் எல்ஸ்வொர்த்துடன் இரண்டு டோர்னியர் பறக்கும் படகுகளில் ஆறு பேராக வட துருவம் நோக்கிப் பறந்து, வடக்கே 87 டிகிரி 44 நிமிடத்தில் பனியில் இறங்க வேண்டி வந்தது. உலோக அடிப்பாகம் கொண்ட விமானங்கள் அவை. ஒன்று பயனற்றுப் போனாலும் இன்னொன்று இருந்தது. மூன்று வாரத்துக்கு மேல் பனியை வெட்டி ஓடுபாதை அமைத்து, ஆறு பேரும் அந்த ஒன்றில் ஏறித் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு இத்தாலியர் உம்பெர்ட்டோ நோபிலே கட்டி ஓட்டிய நோர்கே ஆகாயக் கப்பலில் வட துருவத்தின் மேல் பறந்தார். பிறகு யாருக்குப் பெருமை என்று இருவருக்கும் பகை. பத்திரிகையிலும் புத்தகத்திலும் சண்டை.

1928 மே 25 அன்று நோபிலேயின் இத்தாலியா ஆகாயக் கப்பல் ஆர்க்டிக் பனியில் விழுந்தது. செய்தி கேட்டதும், பகை மறந்து, தேடப் போகத் தயார் என்றார் அமுண்ட்சன். சொந்தமாக விமானம் ஏற்பாடு செய்யப் பணம் இல்லை. பிரெஞ்சு அரசு லாத்தாம் 47 என்ற பறக்கும் படகைக் கொடுத்தது. அட்லாண்டிக்கைக் கடப்பதற்காகத் தயாராகிக்கொண்டிருந்த விமானம். தண்ணீரில் இறங்கத்தான் செய்தது, பனிக்கட்டியில் இறங்க இல்லை. துணைக்கு இரண்டாவது விமானமும் இல்லை. ஒரு கோடைக்காலம் முழுவதும் யோவாவை ஓட்டிப் பார்த்தவர், இதைச் சோதிக்க ஒரு வாரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டிருக்கவும் முடியாது. பனியில் மனிதர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் 18 மாலை டிரோம்சோவிலிருந்து பைலட் ரெனே கில்போ, பழைய தோழர் லைஃப் டீட்ரிக்சன் உட்பட ஆறு பேராகப் புறப்பட்டார். சில மணி நேரத்தில் தகவல் நின்றுபோனது. ஆகஸ்டு 31 அன்று மீனவர்களுக்கு அந்த விமானத்தின் மிதவை ஒன்று கிடைத்தது. பிறகு ஒரு பெட்ரோல் டேங்க். அதை மிதவையாகப் பயன்படுத்த முயன்ற அடையாளம் அதில் இருந்தது. விழுந்த பிறகும் எதையோ திருத்திப் பார்த்திருக்கிறார்கள். வேறெதுவும் கிடைக்கவில்லை. நோபிலேயை ஜூன் 23 அன்றே ஒரு சுவீடன் விமானி காப்பாற்றியிருந்தார்.

அந்தப் பயணம் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆபத்தில் ஓடிப் போகிறவனிடம் சோதனை அறிக்கை கேட்க முடியாது. அதனால்தான் அவசரம் இல்லாத நாளில் சோதிக்க வேண்டியிருக்கிறது. நம் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஓர் அண்ணனாக நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். உண்மையான சுமையைக் கொடுத்துச் சோதியுங்கள். திரும்பி வர முடிகிற தூரத்தில் இருக்கும்போதே சோதியுங்கள். குறை சொல்லும் ஆளை, அவர் ஹெல்பராக இருந்தாலும், உட்கார வைத்துக் கேளுங்கள். உங்கள் கையெழுத்தை நம்பி ஒரு மீன்காரரோ, ஒரு நோயாளியோ, ஒரு லிஃப்டில் ஏறும் பாட்டியோ இருப்பார்.

1912-இல் திரும்பும் வழியில், மலையடிவாரத்தில் கற்களைக் குவித்து, அதில் ஒரு குறிப்பும் 17 லிட்டர் மண்ணெண்ணெயும் தீப்பெட்டிகளும் வைத்துவிட்டு வந்தார் அமுண்ட்சன். பின்னால் யாருக்காவது உதவும் என்று. 1929 டிசம்பரில் அமெரிக்கப் புவியியலாளர் லாரன்ஸ் கூல்டின் குழு அந்தக் கற்குவியலைக் கண்டுபிடித்தது. வைத்தவர் மறைந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. டின் மூடியபடி அப்படியே இருந்தது.